கருப்புக்குப் புரியாத இரண்டு வினாடி

கருப்பு என்பவனை நான்தான் உருவாக்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவனைக் குறை சொல்லும்போது, யாரோ செய்ததைப் பழிக்கிறாள் இந்தச் சரண்யாதேவி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கருப்பு ஆள் இல்லை. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு ராணுவ ஆபரேட்டர். வான் பாதுகாப்பு வண்டிக்குள் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிப்பாய் எப்படிப் பார்ப்பான், எப்போது அசருவான், எத்தனை மணி நேரம் கழித்துத் தப்பு விடுவான் என்பதையெல்லாம் அச்சு அசலாக நடித்துக் காட்டும் ப்ரோக்ராம். திரையில் ஒரு புள்ளி முளைத்து மணி அடித்தால், அது எதிரி விமானமா, வெறும் பறவைக் கூட்டமா என்று ஆபரேட்டர் முடிவு செய்ய வேண்டும். எதிரி விமானம் என்றால் பச்சைப் பொத்தான். உடனே மேலிடத்துக்குத் தகவல் போய்விடும். வேறு எதுவாக இருந்தாலும் சிவப்பு. அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு ஷிஃப்ட் முழுக்க அதையே செய்ய வேண்டும். நிஜ ஆளை ஆயிரம் ஷிஃப்ட் உட்கார வைத்துச் சோதிக்க முடியாது. கருப்பை நாலே நிமிடத்தில் ஆயிரம் ஷிஃப்ட் பார்க்க வைக்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்குக் கண் சொருகுவதைக்கூட விடாமல் எழுதியிருந்தேன். ஊர் எல்லைக் கருப்பசாமி மாதிரி காவல் நிற்பவன் என்பதால் ஆபீசில் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் கருப்பு.

எங்கள் ஆபீஸ் காளவாசல் பக்கம், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. மொத்தம் பதினோரு பேர். முதலாளி பாண்டியராஜன் சார் பெங்களூரில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பி ஆரம்பித்த கம்பெனி இது. ராணுவத்துக்குப் புது வண்டி வடிவமைக்கும் பெங்களூர் நிறுவனம் ஒன்று எங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தது. பழைய வண்டியில் இரண்டு ஆபரேட்டர்கள் உட்கார்ந்தார்கள். புது வண்டியில் ஒரு நாற்காலிக்குத்தான் இடம் இருக்கிறது. ஒரு ஆள் போதுமா?

போதும் என்று கருப்பு சொல்லியிருந்தான். அதாவது நான் சொல்லியிருந்தேன். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்குக் குனிந்து கிடந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படியேறியவள் நான். இரண்டு வருடம் ராப்பகலாக எழுதிய ப்ரோக்ராமை யாராவது சந்தேகப்பட்டால் எனக்குச் சுள்ளென்று வரும். அந்தக் குணத்தை நான் மறைக்கப் போவதில்லை.

அறிக்கையை அனுப்புவதற்கு முன்னால் கருப்பை ஒரு நிஜ ஆபரேட்டரோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று பெங்களூர்க்காரர்கள் கேட்டார்கள். சரியான ஆள் கிடைத்தால் அவரையே டெஸ்ட் ஆபரேட்டராக நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று பாண்டியராஜன் சாரும் முடிவு செய்தார். மூன்று சோதனை. மூன்றாவது சோதனை பெங்களூர் அதிகாரி முன்னால்.

அப்படித்தான் சோணைமுத்து வந்தார். பரவைக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். ராணுவத்தில் நாயக் என்ற கீழ்நிலைப் பதவியில் இருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இப்போது ஒரு ஜவுளிக்கடை பார்க்கிங்கில் செக்யூரிட்டி. இன்டர்வியூ முடிந்ததும் நேராக டூட்டிக்குப் போவதற்காக நீல யூனிஃபார்மைப் பையில் மடித்து வைத்திருந்தார். நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே அவராக ஒன்றைச் சொன்னார்.

“கடைசி ரெண்டு வருசம் என்னைய ஸ்க்ரீன்ல ஒக்கார விடல மேடம். ஸ்டோர்ல போட்டுட்டாங்க. கவனம் பத்தாதுன்னு பேப்பர்ல எழுதிட்டாங்க. நெசமாவே பத்தாதா, இல்ல அன்னைக்கு ஒரு நாள்தான் பத்தலையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. ஒங்க மிசினு சொல்லட்டும்.”

வேலை கேட்டு வருகிறவர்கள் குறையை மூடி மறைப்பார்கள். இவர் அதைத்தான் முதலில் எடுத்து மேசைமேல் வைத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஆனாலும் பிடித்துப்போவது வேறு, மார்க் போடுவது வேறு என்று மனதுக்குள் விறைப்பாகச் சொல்லிக்கொண்டேன்.

முதல் சோதனை இரண்டு மணி நேரம். ஏ.சி. அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, திரைக்குக் கீழே அவர் கண் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளும் கேமரா. மணி அடித்ததும் பொத்தானை அமுக்கக் கருப்பு ஒன்றரை வினாடி எடுத்துக்கொள்வான். சோணைமுத்து அண்ணன் மூன்றரை வினாடி எடுத்துக்கொண்டார். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, ஒவ்வொரு மணிக்கும் அப்படித்தான். ஐந்து வினாடிக்குள் முடிவு சொன்னால் போதும் என்பது ராணுவத்தின் விதி. இரண்டரை வினாடிக்கு மேல் போனால் ஆள் தேற மாட்டார் என்பது நான் எழுதிய விதி. இரண்டு நாள் கழித்து நடந்த இரண்டாவது சோதனையிலும் அதே மூன்றரை.

அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஆவலாக என் முகத்தைப் பார்த்த மனிதரிடம், கருப்பு உங்களைவிட இரண்டு மடங்கு வேகம் அண்ணே, வயதானால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். பையை எடுத்துத் தோளில் மாட்டிய பிறகு, கதவருகே நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சரி மேடம். தப்பு எம்புட்டு?”

எனக்குத் தெரியவில்லை. வேகத்தில் தேறாத ஆளுக்குத் தப்புக் கணக்கை என் ப்ரோக்ராம் அச்சடிப்பதே இல்லை. முதல் பக்கத்திலேயே ‘தகுதி இல்லை’ என்று போட்டு முடித்துவிடும். அதையும் நான்தான் அப்படி எழுதியிருந்தேன். பார்த்துச் சொல்கிறேன் என்று மழுப்பினேன். அவர் படியிறங்கிப் போனார். கீழே அவருடைய பழைய மொபெட் மூன்று உதைக்குப் பிறகு கிளம்பும் சத்தம் மேலே வரை கேட்டது.

அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கணக்கைத் திறந்தேன். இரண்டு சோதனையிலும் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு மணிகள். அவர் விட்ட தப்பு ஒன்றுகூட இல்லை. அதே நானூற்றுப் பன்னிரண்டு மணிகளுக்குக் கருப்பு விட்ட தப்பு இருபத்தொன்பது. பறவைக் கூட்டத்தை விமானம் என்று இருபத்தொன்பது தடவை மேலிடத்துக்குச் சொல்லியிருந்தான் என் அருமைக் கருப்பு.

நான் நம்பவில்லை. எங்கோ டேட்டா கெட்டுப்போயிருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு தேடினேன். டேட்டாவில் ஒரு கோளாறும் இல்லை. அப்புறம்தான் கண் கேமராவின் பதிவை ஓட்டிப் பார்த்தேன். மணி அடிக்கிறது. அவர் புள்ளியைப் பார்க்கிறார். உடனே கண் திரையை விட்டு இடது பக்கம் போகிறது. ஒரு வினாடி அங்கேயே நிற்கிறது. திரும்ப வந்து புள்ளியைப் பார்க்கிறது. பிறகுதான் பொத்தான். நானூற்றுப் பன்னிரண்டு தடவையும் இதே கதை. கருப்பின் அகராதியில் இதற்குப் பெயர் ‘கவனச் சிதறல்’.

இடது பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மொட்டை மாடி. அங்கே என்ன வேடிக்கை இவருக்கு என்று எரிச்சலாக வந்தது. மறுநாள் அவரை அரை மணி நேரம் வரச் சொல்லி, மேசையைத் திருப்பிப் போட்டேன். இப்போது இடது பக்கம் வெறும் சுவர், அதில் ஒரு ஆணிகூட இல்லை. மணி அடித்தது. அவர் கண் சுவருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. அன்றைக்குப் பூராவும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சாயங்காலம் ஜவுளிக்கடைக்கே போனேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். நீல யூனிஃபார்மில் விசில் ஊதி கார்களை வரிசையில் ஏற்றிக்கொண்டிருந்தார். டீ நேரம் வரும்வரை காத்திருந்து, அவருடைய பதிவை என் போனில் காட்டினேன். ஏதோ வேற்று ஆளைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். தான் இடது பக்கம் திரும்புவது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. டீ கிளாஸைச் சுவர்மேல் வைத்தார். அப்புறம் சொன்னார்.

பழைய வண்டியில் அவருக்கு இடது பக்க நாற்காலியில் பீமாராவ் உட்காருவார். டி.கல்லுப்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர். ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்து, பதினைந்து வருடம் ஒரே வண்டியில் இருந்தவர்கள். அந்த வண்டியில் அவர்கள் இருவருக்குள் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பழக்கம். மணி அடித்தால் ஒருத்தர் தன்னிச்சையாகப் பொத்தானை அமுக்க மாட்டார். “பாத்தியா?” என்று பக்கத்து ஆளைக் கேட்பார். அவர் தன் திரையில் தனியாகப் பார்த்துவிட்டு “பாத்தேன்” என்றால்தான் விரல் பச்சைக்குப் போகும். “பாக்கல” என்றால் மறுபடி பார்ப்பார்கள். பதினைந்து வருடத்தில் அந்த வண்டியிலிருந்து ஒரு தப்புத் தகவல் போனதில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பயிற்சியில் முதல் தடவையாக அப்படி ஒன்று போனது. அப்போது பீமாராவின் அப்பா உடம்பு முடியாமல் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். மணி அடித்ததும் சோணைமுத்து அண்ணன் வழக்கம்போலக் கேட்டார். பீமாராவ் பார்த்தேன் என்றார். விரல் பச்சையை அமுக்கியது. எதிரி விமானம் என்று தகவல் போனது நம்முடைய ஹெலிகாப்டரைப் பற்றி. நல்ல வேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயிற்சியை நிறுத்தி விசாரணை வைத்தார்கள். பொத்தானை அமுக்கியவர் யார் என்று கேட்டார்கள். இவர் கையைத் தூக்கினார்.

“அவன் பாக்குறதுக்கு எப்பவும் ரெண்டு வினாடி ஆகும். அன்னைக்கு நான் கேட்டு முடிக்கல, பாத்தேன்ங்குறான்” என்றார். “அவன் பேரை நான் சொல்லல. அவனா வாயத் தொறப்பான்னு பாத்தேன். தொறக்கல.”

அன்றிலிருந்து எட்டு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. இவர் ஸ்டோரில் அரிசி மூட்டை எண்ணிவிட்டு, நாயக்காகவே ஓய்வு பெற்று வந்துவிட்டார். கவனம் போதாது என்ற காகிதம் மட்டும் கூடவே வந்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஆள் இல்லாத இடத்துக்கு எதற்குக் கழுத்து திரும்புகிறது என்று என்னையே கேட்டார். வயதானால் அப்படித்தான் என்று இவரிடமா சொன்னேன் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

நேராக ஆபீசுக்குப் போய்க் கருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு கருப்பை உட்கார வைத்தேன். கேட்டுவிட்டு அமுக்கு என்று எழுதினேன். நேரம் மூன்றரை வினாடி ஆனது. தப்பு இருபத்தொன்பதிலிருந்து நாலுக்கு இறங்கியது. அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு சந்தேகம் வந்து, பத்துத் தடவையில் ஒரு தடவை பார்க்காமலே பார்த்தேன் என்று சொல்லும்படி இரண்டாவது கருப்பை மாற்றினேன். தப்பு நாற்பத்தொன்றுக்கு ஏறியது. தனியாக இருந்தபோது விட்டதைவிட இது அதிகம். கூட இருப்பவன் பார்த்துவிட்டான் என்று நம்பி, முதல் கருப்பு மறுபடி பார்க்காமலே அமுக்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் பாண்டியராஜன் சாரிடம் போய் நின்றேன். ஒரு ஆள் போதும் என்று கருப்பு சொன்னது தப்பு, வேகத்தை மட்டும் பார்த்து நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொன்னேன். இரண்டு வருடப் பெருமையை இரண்டு வாக்கியத்தில் முடிப்பது சுலபம் இல்லை. சார் குதித்தார். பெங்களூரில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பேசுவது, ஒரு நாற்காலிக்குத்தான் இடம் என்று படித்துப் படித்துச் சொன்னார்களே என்றார். கத்தி முடித்து, தண்ணீர் குடித்து, என் தாளை வாங்கித் தனியாக உட்கார்ந்து படித்தார். அரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

அந்த ஆள் பக்கத்தில்தான் உட்கார வேண்டுமா என்று கேட்டார். களத்தில் எப்போதும் இரண்டு வண்டி நிற்கும், இந்த வண்டிக்காரன் அந்த வண்டிக்காரனை ஹெட்போனில் கேட்டுக்கொள்ளலாமே என்றார். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. உடனே சார் ஒரு நிபந்தனையும் போட்டார். வியாழக்கிழமை மூன்றாவது சோதனை. சோணைமுத்து ஒரு அறையில், இன்னொரு ஆபரேட்டர் அடுத்த அறையில். ஐந்து வினாடியைத் தாண்டாமல், தப்பில்லாமல் முடித்தால் புது அறிக்கை போகும், சோணைமுத்துக்கு வேலையும் கிடைக்கும். சொதப்பினால் பழைய அறிக்கைதான் போகும். அதில் அவர் பெயருக்கு நேரே தகுதி இல்லை என்று இருக்கிறது.

இன்னொரு ஆபரேட்டருக்கு நான் எங்கே போவேன்? நானே உட்காருகிறேன் என்றேன். இரண்டு வருடமாக இந்தத் திரையோடு மாரடிக்கிறேன், எனக்குத் தெரியாததா என்று ஒரு தைரியம். செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்த்தோம். முதல் பத்து மணி ஒழுங்காகப் போனது. பதினொன்றாவது மணிக்கு, ஹெட்போனில் அவர் குரல் “பாத்தியளா?” என்று கேட்டது. என் திரையில் புள்ளி இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் வாய் அதுபாட்டுக்கு “பாத்தேண்ணே” என்றது.

அவர் பொத்தானை அமுக்கவில்லை. ஐந்து வினாடியும் ஓடி மணி நின்றுபோனது. எழுந்து என் அறை வாசலுக்கு வந்தார்.

“நீங்க பாக்கல தங்கச்சி.”

ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். பிறகு ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார். விருந்தாளியாகப் போன வீட்டில் சாப்பிட்டாச்சா என்று கேட்டால், வயிறு காய்ந்தாலும் சாப்பிட்டாச்சு என்றுதான் நமக்கு வாயில் வரும். பெரிய மனிதர் ஒருவர் நம்மை நம்பிக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல ஒரு மாதிரியாக இருந்தது. அவரைக் காக்க வைக்கக் கூடாது என்றும் இருந்தது. இப்படித்தான் உளறினேன். அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“கெட்ட எண்ணத்துல சொல்லல நீங்க.”

“இல்லண்ணே. சத்தியமா இல்ல.”

“அவனும் அப்டித்தான் சொல்லிருப்பான்” என்றார்.

பீமாராவின் நம்பரை அவர் எட்டு வருடமாக அழிக்காமல் வைத்திருந்தார். அங்கேயே, என் முன்னாலேயே கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை, பழையதைப் பேசவில்லை. வியாழக்கிழமை பத்து மணி, காளவாசல், டைல்ஸ் கடை மாடி, ஸ்க்ரீன் வேலை, நீ வரணும் என்றார். அந்தப் பக்கம் என்ன ஏது என்று எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. ஏதாவது கொண்டுவர வேண்டுமா என்று மட்டும் கேட்டிருக்கிறார். கண்ணாடி போடுகிறாய் என்றால் மறக்காமல் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிறகு விசிலை எடுத்துப் பையில் வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடியும் பையில் வைத்தார்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே பீமாராவ் வந்துவிட்டார். ஆனால் மாடிக்கு வரவில்லை. டைல்ஸ் கடை வாசலில் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தவரை நான்தான் அடையாளம் கண்டு இறங்கிப் போனேன். கல்லுப்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாராம். விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறை. சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. படியேறும்போது, சோணை என்னைப் பற்றி என்ன சொன்னான் என்று கேட்டார். நன்றாகப் பார்ப்பீர்கள் என்று சொன்னார் என்றேன். படியிலேயே ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் மேலே வந்தார்.

எட்டு வருடத்துக்குப் பிறகு பார்த்துக்கொண்டவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சோணைமுத்து அண்ணன் அடுத்த அறைக்குப் போய், நாற்காலியின் உயரத்தைக் குறைத்து, ஹெட்போனின் பட்டையை இழுத்துச் சரிசெய்து, இந்த ஸ்க்ரீனில் புள்ளி கொஞ்சம் மங்கலாகத் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தார். பெங்களூர் அதிகாரி வரத் தாமதமானதில் முக்கால் மணி நேரம் பழகிப் பார்க்கக் கிடைத்தது. அப்போதும் பீமாராவ் குரலே எழும்பாமல்தான் பதில் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. குற்ற உணர்ச்சியோடு இருக்கிற மனிதர், இவருக்கு நல்லது செய்வதாக நினைத்து எல்லாவற்றுக்கும் பார்த்தேன், பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று கருப்பு எனக்குக் காட்டியிருந்தானே.

அதிகாரி தமிழ் தெரிந்த அம்மாள். அதிகம் பேசவில்லை. கையில் ஒரு ஸ்டாப் வாட்ச். நான், பாண்டியராஜன் சார், அவர் மூவரும் வெளியே ஒரு திரையின் முன் உட்கார்ந்தோம். இரண்டு அறையில் பேசுவதும் எங்களுக்குக் கேட்கும். சோதனை ஆரம்பித்தது. முதல் மணி அடித்தது.

“பாத்தியா மாப்ள?”

பதில் இல்லை. ஒரு வினாடி போனது. இரண்டாவது வினாடியும் போனது. சோணைமுத்து அண்ணனின் விரல் பச்சைக்கு மேலே நின்றது. பாண்டியராஜன் சார் என் பக்கம் திரும்பினார். மூன்றாவது வினாடி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து அவர் பேசியதிலேயே உரத்த குரல் அதுதான்.

“பாக்கல. எனக்குத் தெரியல மாப்ள. நீ மறுவாட்டி பாரு.”

சோணைமுத்து அண்ணன் மறுபடி பார்த்தார். விரல் பச்சையிலிருந்து நகர்ந்து சிவப்பை அமுக்கியது. நாலரை வினாடி. அது கொக்குக் கூட்டம். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். நான் மூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகு அவர்களை நாங்கள் பார்த்தோம் என்பதைவிட, கேட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். பாத்தியா, பாத்தேன். பாத்தியா, பாத்தேன். பாத்தியா, இருடா, ம், பாத்தேன். அரை மணி நேரத்துக்குள் இரண்டு குரலும் ஒரே சீராகிவிட்டன. இருநூற்று ஆறு மணிகளில் பீமாராவ் பதினொரு தடவை பார்க்கவில்லை என்றார். அதில் ஒன்பது பறவைகள். மீதி இரண்டில் சோணைமுத்து அண்ணன் மறுபடி பார்த்து, விமானம்தான் என்று தைரியமாகப் பச்சையை அமுக்கினார், அதுவும் சரி. ஒரு தடவைகூட ஐந்து வினாடியைத் தாண்டவில்லை. தப்பு ஒன்றுகூட இல்லை.

அதிகாரி என்னிடம் நிறையக் கேள்வி கேட்டார். பார்க்காமல் பார்த்தேன் என்று சொல்லும் கருப்பைப் பற்றித்தான் அதிகமாகக் கேட்டார். புது வண்டியில் நாற்காலி ஒன்றுதான், அதை மாற்ற முடியாது, ஆனால் அடுத்த வண்டியோடு பேசும் லைனையும், பார்க்கவில்லை என்று சொல்வது தப்பில்லை என்ற பயிற்சியையும் சேர்க்கச் சொல்லி எழுதுகிறேன் என்றார். போகும்போது முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டுச் சோணைமுத்து அண்ணனிடம் கொடுத்தார். ஒன்றாம் தேதியிலிருந்து வேலைக்கு வந்துவிடுங்கள் என்று பாண்டியராஜன் சார் அவர் தோளைத் தட்டினார். பீமாராவும் வாரத்தில் இரண்டு நாள் வந்தால் நன்றாக இருக்கும் என்று அவரிடமும் சொன்னார்.

நானும் சோணைமுத்து அண்ணனும் பீமாராவும் கீழே டீக்கடைக்கு வந்தோம். சோணைமுத்து அண்ணன் அந்தத் தாளை விரித்து, ‘முழுத் தகுதி, கவனத்தில் குறை இல்லை’ என்ற வரியைத் தானே இரண்டு தடவை படித்தார். பிறகு பீமாராவிடம் நீட்டினார். பீமாராவ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அன்னைக்கும் நான் பாக்கல மாப்ள.”

“தெரியும்டா.”

“அப்பவே தெரியுமா?”

“நீ சொன்ன வேகத்துலயே தெரியும்.”

பீமாராவ் இப்போதுதான் நிமிர்ந்தார். “தெரிஞ்சுமா பச்சைய அமுக்குன?”

“நீ பாத்தேன்னு சொல்லிட்டியேடா” என்றார் சோணைமுத்து அண்ணன்.

பீமாராவ் வார்னிஷ் கறை படிந்த கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே அழுதார். இவரும் கையை உருவிக்கொள்ளவில்லை. எனக்கும் அழுகை வந்தது, நானும் மறைக்கவில்லை. கல்லுப்பட்டி வழியாகப் போகும் பஸ் ஒன்று வந்து நின்றுவிட்டுக் கிளம்பியது. ஏறவில்லையா என்று டீக்கடைக்காரர் கேட்டார். அடுத்த பஸ்ஸுக்குப் போறேன் என்று பீமாராவ் சொன்னார். அடுத்த பஸ்ஸும் போனது. சோணைமுத்து அண்ணன் இன்னும் மூன்று டீ சொன்னார்.